எந்தப் பக்கம்?

விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லவே முடியாது என்று சாதிக்கிறவர்களோடு சண்டை போட்டுப் போட்டு நம்மில் பலருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அந்தக் கட்சி இன்று இளைத்துப் போயிற்று. அதை நான் தொடப் போவதில்லை. எனக்கு வழக்கு வேறொரு கட்சியோடு. சொல் ஆக்கியாயிற்று, புஸ்தகம் அச்சிட்டாயிற்று, பரீட்சை நடத்தி மார்க்கும் போட்டாயிற்று, இனி என்ன குறை என்று திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களோடு.

ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். வேகம், திசைவேகம் என்று இரண்டு சொற்கள். நம் பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்பிலேயே இவை அறிமுகமாகிவிடுகின்றன. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் நின்று ஒரு பையனைக் கேட்டுப் பாருங்கள். "தொலைவு மாறும் வீதம் வேகம், இடப்பெயர்ச்சி மாறும் வீதம் திசைவேகம். முன்னது ஸ்கேலார், பின்னது வெக்டார்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவான். இரண்டு மார்க் அவன் சட்டைப் பையில். அவனை விட்டுவிடாமல், "அது சரி, தம்பி; தேர் நாலு மாட வீதியும் சுற்றி நிலைக்கு வந்துவிட்டது; அதன் சராசரித் திசைவேகம் என்ன?" என்று கேளுங்கள். திருதிருவென்று விழிப்பான். ஏனென்றால் நோட்ஸில் தேர் இல்லை. 'அ' என்ற புள்ளியிலிருந்து 'ஆ' என்ற புள்ளிக்குப் போகும் ஒரு 'பொருள்'தான் இருக்கிறது. அது என்ன பொருள், எதற்காகப் போகிறது, போய் என்ன செய்யப் போகிறது என்று அவனுக்கும் தெரியாது, சொல்லிக் கொடுத்தவருக்கும் தெரியாது.

பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் கபாலீசுவரர் தேர். காலையில் புறப்பட்ட தேர் ஊர்ந்து ஊர்ந்து வீதிகளைச் சுற்றி மறுபடி நிலைக்கு வந்து சேருகிறது. கணக்குக்குச் சௌகரியமாக, சுற்றிய தூரம் ஒரு கிலோமீட்டர், ஆன நேரம் நாலு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வேகம் மணிக்குக் கால் கிலோமீட்டர். சராசரித் திசைவேகம்? பூஜ்யம். புறப்பட்ட இடமும் வந்த இடமும் ஒன்றே ஆனதால் இடப்பெயர்ச்சி பூஜ்யம். அதை நாலால் வகுத்தாலும் நாற்பதால் வகுத்தாலும் பூஜ்யமே. ஆயிரம் பேர் வியர்க்க வியர்க்க வடம் பிடித்தும் பூஜ்யமா என்று யாராவது வருத்தப்பட்டால், அவருக்குப் பாடம் புரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தேரின் நோக்கமே நிலைக்குத் திரும்புவது. பூஜ்யம் அதற்குப் பெருமை. ஆனால் ஒரு மனிதன் எட்டு மணி நேரம் ஓடிவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே நின்றால் அது பெருமை ஆகுமா? ஒரே எண், இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகிறது. இப்படி யோசிக்க வைப்பதுதான் பௌதிகம். ஒப்பிக்க வைப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

தேரிலேயே இன்னொரு பாடமும் கிடக்கிறது. வடம் பிடிப்பவர்கள் தேருக்கு ஓட்டத்தைக் கொடுக்கிறார்கள். சக்கரத்தடியில் கட்டையைச் செருகி, வீதி முனையில் அதைத் திருப்புகிறவன் தனி ஆள். அந்தக் கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். நம் பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் வசவு. நல்ல காரியத்தைத் தடுக்கிறவன் முட்டுக்கட்டை போடுகிறான். தேர்வீதியில் போய்ப் பார்த்தால் தெரியும், அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் முதல் மூலையிலேயே நேராகப் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். வடத்தைப் பிடித்தவர்கள் வேகத்தைக் கொடுத்தார்கள். கட்டைக்காரன் அதைத் திசைவேகம் ஆக்கினான். இரண்டாவது ஆளின் பெயரை வசவுச் சொல்லாக்கிய ஊர், திசையைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"இதெல்லாம் வார்த்தை விளையாட்டு, வண்டி எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதுதானே முக்கியம்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றி லஸ் முனையில் திரும்பச் சொல்ல வேண்டும். டிரைவர் மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஓட்டுகிறார். திரும்பும்போதும் அதே இருபது. ஸ்பீடாமீட்டர் முள் அசையவில்லை. ஆனால் கம்பியைப் பிடிக்காமல் நின்ற பெரியவர் பக்கத்து மனிதர்மேல் சாய்கிறார். முள்ளைக் கேட்டால் ஒன்றுமே மாறவில்லை என்கிறது. உடம்பைக் கேட்டால் ஏதோ மாறிவிட்டது என்கிறது. உடம்பு சொல்வதுதான் சரி. வேகம் மாறவில்லை, திசை மாறியதால் திசைவேகம் மாறிவிட்டது. திசைவேகம் மாறினால் அங்கே முடுக்கம் உண்டு. முடுக்கம் உண்டென்றால் விசை வேண்டும். அந்த விசையைக் கம்பியும் தளமும் கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் உடம்பு பழைய திசையிலேயே போகும். படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போகும் கல்லூரிப் பையனுக்கு இது இரண்டு மார்க் கேள்வி அல்ல. "வண்டி மெதுவாகத்தானே திரும்புகிறது" என்று நினைத்துக் கையைத் தளர்த்துகிறான் பாருங்கள், அந்த 'மெதுவாக' என்பது வேகத்தின் பாஷை. அவனைத் தூக்கி எறிவது திசை. வேறுபடுத்துக என்ற கேள்விக்கு முழு மார்க் வாங்கிய பையன்தான் அப்படித் தொங்குகிறான் என்பதே என் குற்றச்சாட்டு.

இன்னும் ஒரு படி கீழே இறங்கி, தெருவுக்கு வருவோம். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வருகிறவரை மறித்து நிறுத்தினால் அவர் சொல்லும் முதல் சமாதானம்: "மெதுவாகத்தான் சார் வந்தேன்." சென்னையில் உட்புறத் தெருக்களுக்கு 2023 நவம்பரில் வைத்த வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். எதிரே வரும் வண்டி விதிப்படி முப்பதில் வருகிறது. நம்மவர் இருபதில்தான் போகிறார். இருவரும் ஒரே திசையில் போயிருந்தால் ஒருவருக்கு மற்றவர் மணிக்குப் பத்துக் கிலோமீட்டரில் நெருங்குவார். எதிரெதிரே வந்தால் ஐம்பது. மோதினால் நொறுக்குவது அந்தச் சார்பு வேகத்தின் இருமடி. பத்துக்கும் ஐம்பதுக்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். அடியின் கனத்தில் இருபத்தைந்து மடங்கு. இருபது என்ற எண் மாறவே இல்லை. அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி விழுந்தது, அவ்வளவுதான். "மெதுவாகத்தான் வந்தேன்" என்கிறவர் பொய் சொல்லவில்லை. வேகத்தைப் பற்றி உண்மை சொல்லி, திசைவேகத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கிறார். பாதி உண்மைக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு வெள்ளை நினைவு மண்டபத்தைப் பார்த்திருப்பார்கள். 1930-இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டேனிஷ் மாலுமிக்காக எழுப்பியது. இன்றும் நம் கரையில் இளைஞர்கள் மூழ்கி இறக்கிறார்கள். அவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. கரையை விட்டுக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஒன்று இருக்கிறது. அது நொடிக்கு ஒன்றரை மீட்டர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் இழுப்பதுண்டு. சாதாரணமாக நீந்தத் தெரிந்தவன் நொடிக்கு ஒரு மீட்டர் நீந்துவான். கரையைப் பார்த்து உயிரைக் கொடுத்து நீந்துகிறான். ஒன்றிலிருந்து ஒன்றரையைக் கழித்தால் மிச்சம், அரை மீட்டர் பின்னுக்கு. இரண்டு நிமிஷம் போராடினால் கரையிலிருந்து இன்னும் அறுபது மீட்டர் தள்ளிப் போயிருப்பான், கை ஓய்ந்திருக்கும். அந்த இழுப்பு அகலம் குறைந்தது. அதே ஒரு மீட்டர் வேகத்தில், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதன் பிடியிலிருந்து வெளியே வந்துவிடலாம்; பிறகு கரைக்குத் திரும்பலாம். அதே ஆள், அதே கைகள், அதே வேகம். மாறியது திசை ஒன்றே. ஒருவன் பிழைக்கிறான், இன்னொருவன் போய்விடுகிறான். கடலோரத்தில் இருக்கும் ஒரு நகரத்தின் பாடப் புஸ்தகத்தில் திசைவேகத்துக்கு இதைவிட்டு வேறு உதாரணம் தேட வேண்டுமா? 'அ'விலிருந்து 'ஆ'வுக்குப் போகும் அந்த அநாமதேயப் பொருளைக் கட்டிக்கொண்டு எத்தனை நாளைக்கு அழுவது?

காற்றையும் கேட்கலாம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னை மேலே கரை ஏறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் சூறைக்காற்று. நகரத்தின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. முதலில் வடக்கத்திக் காற்று. புயலின் கண் கடந்தபோது ஓர் அமைதி. அதன் பிறகு தெற்கிலிருந்து அடித்தது. அமைதியைக் கண்டு 'விட்டது சனி' என்று தெருவில் இறங்கியவனுக்குக் காற்றின் வேகம் மட்டுமே தெரியும். நம் பக்கத்தில் புயல் இடம்புரியாகச் சுழல்கிறது; நடுமையம் தாண்டினால் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தே தீரும் என்று தெரிந்தவன், வீட்டுக்குள் இருந்திருப்பான். அவனிடம் இருந்தது திசைவேகம் பற்றிய அறிவு.

இங்கே ஒரு வார்த்தை. காற்றுக்குத் திசையைச் சேர்த்துச் சொல்லத் தமிழனுக்கு எந்த மேல்நாட்டுப் புஸ்தகமும் கற்றுத் தரவில்லை. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. பெயரைச் சொன்னவுடனே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பாய் கட்டிக் கடலுக்குப் போகிறவனுக்கு, 'பலத்த காற்று' என்று மட்டும் சொல்வது ஒன்றும் சொல்லாததற்குச் சமானம். திசையில்லாத காற்றை நம் பாஷை அறியாது. அப்பேர்ப்பட்ட பாஷையில், திசைவேகம் என்றால் ஏதோ அந்நிய தேசத்துச் சரக்கு போல, கட்டம் போட்டு இடப்பக்கம் வலப்பக்கம் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

சொற்களைப் பற்றியும் பேசிவிடுவோம். ஏனென்றால் திருப்திக் கட்சிக்காரர்களின் பெரிய கேடயம் அதுதான். சொல்லாக்கம் நேற்று முளைத்த காரியம் அல்ல. அமெரிக்க மிஷன் டாக்டர் பிஷ் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். பிற்காலத்தில் தியாகராய நகர் பஸ்லுல்லா சாலையில் வசித்த ராஜாஜி, 1916-இல் சேலத்தில் நண்பர்களோடு சேர்ந்து தமிழ்ச் சாஸ்திரச் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டார். பெ.நா. அப்புசாமி ஆயுள் முழுவதும் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதினார். இவர்களுக்கெல்லாம் சொல் ஒரு வழி, புரிதல்தான் ஊர். நாம் வழியிலேயே கூடாரம் அடித்துவிட்டோம்.

அதற்கு அத்தாட்சி வேண்டுமா? பாக் நீரிணையைத் தாண்டிப் பாருங்கள். இங்கே நாம் வேகம் என்பதை இலங்கைத் தமிழர்கள் கதி என்கிறார்கள். நாம் திசைவேகம் என்பதை அவர்கள் வேகம் என்கிறார்கள். நம் முடுக்கம் அவர்களுக்கு ஆர்முடுகல். நம் வெக்டாருக்கு அவர்கள் சொல் காவி. காவிச் செல்வது, சுமந்து செல்வது என்ற பொருளில். லத்தீனில் வெக்டார் என்ற சொல்லுக்கும் சுமப்பவன் என்பதே பொருள்; காவடி தூக்கும் ஊரில் அந்தச் சொல்லைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆக, யாழ்ப்பாணத்துப் பையனும் மாம்பலத்துப் பையனும் 'வேகம்' என்று ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு வேறு அளவுகளைக் குறிக்கிறார்கள். ஒருவன் திசையோடு சொல்கிறான். மற்றவன் திசை இல்லாமல் சொல்கிறான்.

இதில் யார் சரி என்று கட்சி கட்ட எனக்கு ஆசையில்லை. ஆனால் இலங்கைக்காரர்கள் பக்கம் பழைய நியாயம் ஒன்று இருக்கிறது. வைசேஷிக சாஸ்திரத்துக்கு விளக்கம் செய்த பிரசஸ்தபாதர், வேகம் என்பதை, ஒரு குறிப்பிட்ட திசையில் இயக்கத்தைத் தொடரச் செய்யும் காரணமாகவே வகுத்தார். அந்தப் பழஞ்சொல்லுக்குள் திசை உட்கார்ந்திருந்தது. நாம் அதை வெளியே தள்ளினோம். பிறகு தேவைப்பட்டபோது 'திசை'யை முன்னால் கொண்டுவந்து ஒட்டினோம். ஒட்டியது நல்ல ஒட்டுதான். திசைவேகம் என்ற சொல் காதில் விழும்போதே தன் பொருளைச் சொல்லிவிடுகிறது. அதுவே ஆபத்தாகவும் முடிந்தது. சொல்லே சொல்லிவிட்டதே என்று உபாத்தியாயர் வாயை மூடிக்கொண்டார்.

அவர் மூடிக்கொண்டதன் பலனைப் பாருங்கள். ஒளியின் திசைவேகம் என்று நம் புஸ்தகங்களில் எழுதிக் கொண்டிருக்கிறோம். நொடிக்கு 29,97,92,458 மீட்டர். 1983-இல் மீட்டருக்கே இலக்கணம் வகுத்து உறுதியாக்கிய எண் இது. சரி, எந்தத் திசை? அடையாற்றுப் பக்கமா, ஆலந்தூர்ப் பக்கமா? "ஒவ்வொரு ஒளிக்கதிருக்கும் ஒரு திசை உண்டே" என்று பதில் வரும். உண்டு. ஆனால் அந்த எண் எல்லாக் கதிருக்கும், எல்லாத் திசைக்கும் பொதுவானது. திசையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. ஆகவே அது வேகம். "ஆங்கிலப் புஸ்தகங்களும் அப்படித்தானே எழுதின?" என்பது அடுத்த சமாதானம். எழுதின, ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் ஓசைக்குள் திசை என்று எதுவும் ஒலிக்கவில்லை, கவனக்குறைவு மன்னிக்கத்தக்கது. நம் சொல்லோ வாயைத் திறந்து 'திசை' என்றே ஆரம்பிக்கிறது. 'திசை' என்று எழுதிய கை, அடுத்த நொடி 'எந்தத் திசை' என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. ஏனென்றால் கைக்குச் சொல் ஒரு முத்திரை, அர்த்தம் அல்ல. பூமியை விட்டுப் போக நொடிக்குச் சுமார் 11.2 கிலோமீட்டர் வேண்டும். காற்றின் தடையை நீக்கிவிட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் எறிந்தாலும் அதே எண். அதை விடுபடு வேகம் என்று சரியாகச் சொல்லத் தெரிந்த தமிழ், ஒளி விஷயத்தில் மட்டும் தடுமாறுவானேன்? யோசித்துச் சொன்னது அது. மொழிபெயர்த்துப் போட்டது இது.

ஒரு மாணவி எழுந்து, "ஒளிக்கு எந்தத் திசை, டீச்சர்?" என்று கேட்டால் அவளுக்கு நூற்றுக்கு நூறு போட வேண்டும். நாமோ "பரீட்சைக்கு வராததைக் கேட்காதே" என்று உட்கார வைக்கிறோம். இதுதான் என் கோபத்தின் மூலம். தமிழில் சொல்லிக் கொடுப்பதால் பௌதிகம் கெடவில்லை. ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தாலும் இதே கட்டம், இதே இரண்டு பத்தி, இதே ஒப்பிப்பு. இரண்டு பாஷையிலும் ஒரே வியாதி. ஆனால் தமிழில் இருப்பவனுக்குச் சாக்கு இல்லை; அவனுக்குச் சொல் புரிகிறது, தெரு பக்கத்தில் இருக்கிறது.

கபாலி கோயிலிலிருந்து பனகல் பூங்கா, காக்கை பறக்கிற கணக்கில் சுமார் நாலு கிலோமீட்டர், ஏறக்குறைய நேர் மேற்கு. மாலை வேளையில் ஓர் ஆட்டோ, ஒருவழிப் பாதைகளைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் ஓடி நாற்பது நிமிஷத்தில் கொண்டு சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் மணிக்குப் பத்தரைக் கிலோமீட்டர். சராசரித் திசைவேகம் மேற்கே மணிக்கு ஆறு; விறுவிறுப்பாக நடப்பவனின் நடை. மீட்டர் தொலைவுக்குக் கூலி கேட்கிறது. பயணிக்கு வேண்டியிருந்ததோ இடப்பெயர்ச்சி. ஆட்டோக்காரருக்கும் பயணிக்கும் நடக்கும் நித்திய சண்டையின் பாதி இந்த இரண்டு அளவுகளுக்கு இடையே நடக்கிறது. நாற்பது பிள்ளைகளை அழைத்துப் போய் ஒரு காகிதத்தில் ஊர்ப்படம் வரைந்து, நூல் வைத்து அளந்து, இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். அரை நாள் போகும். ஆயுளுக்கும் மறக்காது. செலவு, ஒரு பந்து நூல்.

இதைச் செய்ய என்ன தடை என்று கேட்டால், "போர்ஷன் முடிக்க வேண்டும்" என்கிறார்கள். போர்ஷன் முடிப்பது! எத்தனை பாடம், எத்தனை நாளில் என்ற வீதம் தவறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்தார்கள் என்று யாரும் அளப்பதில்லை. ஜூனில் தெரியாதது ஏப்ரலிலும் தெரியாது. நடுவில் பத்து மாதம் மூச்சிரைக்க ஓட்டம். இடப்பெயர்ச்சி பூஜ்யம். வேகம் பற்றிய பாடத்தை நாம் நடத்துகிற விதமே திசைவேகம் பற்றித் தெரியாதவர்கள் நடத்துகிற விதமாக இருக்கிறது.

ஊரும் அப்படித்தான் ஆகிவிட்டது. பலசரக்குப் பத்து நிமிஷத்தில் வர வேண்டும். அதைச் சுமந்து வரும் பையன் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வழிமறித்து வருகிறான் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. நிமிஷத்தை எண்ணுகிற வீட்டுக்காரரின் அவசரம்தான் அவனை ஒருவழிப் பாதையில் எதிர்த்து வரச் சொல்கிறது. வேகத்தடையை மேலும் மேலும் போடுகிறோம். வேகத்தடை எண்ணைக் குறைக்கும், குறியை மாற்றாது. அதை மாற்ற, வண்டி ஓட்டுகிறவனின் மண்டைக்குள் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வயதில் ஒரு வாத்தியார் அங்கே வைத்திருக்க வேண்டும். வைப்பதற்கு இரண்டே சொல் போதும், அதுவும் பச்சைத் தமிழில்.

எவ்வளவு வேகம் என்று கேட்க எல்லோரும் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். மார்க்கை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.